“இன்சூரன்ஸ் கிடையாது, பிரிட்டிஷ் அரசே பொறுப்பு” என்றால் நம்பலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் பூர்விக வீட்டில் பெரிய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம், பலகையில் செய்தது. என் மாமனாரின் தாத்தா வாங்கியது. 1900க்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது என்பார்கள். இங்கிலாந்தில் ஒரு நகராட்சி அருங்காட்சியகம் ஆறு மாதக் கண்காட்சிக்கு அதைக் கடனாகக் கேட்கிறது. லண்டனில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா மகன் மூலம் வந்த தொடர்பு. “தனியார் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, பிரிட்டிஷ் அரசின் இழப்பீட்டு உத்தரவாதம் உண்டு” என்று எழுதியிருக்கிறார்கள். நம் அரசாங்கமே சொன்ன தேதியில் பணம் கொடுப்பதில்லை. வேறு நாட்டு அரசாங்கத்தை நம்பிச் சாமி படத்தை அனுப்பலாமா? தனியாக இன்சூரன்ஸ் கேட்கட்டுமா? இந்திய அரசு ஏதாவது உதவி செய்யுமா? வீட்டில் ஐந்து பங்கு. லண்டன்காரரையும் சேர்த்து மூன்று பேர் சரி என்கிறார்கள், ஒருவர் பதிலே சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அருங்காட்சியகங்களுக்கு இடையே பொருள்கள் கடனாகப் போய் வருவதற்கான காகித வேலையைத்தான் நான் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். உங்களைப் போலத் தனியார் வீட்டிலிருந்து ஒரு பொருள் கிளம்பும்போது எல்லோரும் முதலில் கேட்பது பணத்தைப் பற்றித்தான். உங்கள் விஷயத்தில் எனக்குப் பணத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அந்தப் பலகையைப் பற்றியும், பதில் சொல்லாத அந்தப் பங்காளியைப் பற்றியும்தான் கவலை.

முதலில் உத்தரவாதம். உங்களைச் சமாளிக்க அவர்கள் சொல்லும் சாக்கு இல்லை அது. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. திட்டத்தை நடத்துவது ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து என்ற கலைகளுக்கான அரசு அமைப்பு. பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ அரசின் சார்பில் அமைச்சர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். லண்டனின் பெரிய மியூசியங்களுக்கு மட்டும் என்றில்லை, சிறிய ஊரின் நகராட்சி அருங்காட்சியகத்துக்கும் கிடைக்கும். கடன் கொடுப்பவர் உங்களைப் போல் தனிநபராக இருந்தாலும் பொருந்தும்.

அரசாங்கம் ஏன் இதில் தலையிடுகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு கண்காட்சியில் நூறு பொருள்கள், எல்லாம் சேர்ந்து பல கோடி பவுண்டு மதிப்பு என்றால், அதற்குக் கட்டும் பிரீமியத்திலேயே அந்த மியூசியத்தின் வருடச் செலவு கரைந்துவிடும். அரசு உத்தரவாதம் கொடுத்தால் முன்கூட்டி யாரும் பணம் கட்ட வேண்டாம். நஷ்டம் வந்தால் மட்டும் கஜானாவிலிருந்து போகும். நடைமுறையில் நஷ்டம் அபூர்வம், ஏனென்றால் உத்தரவாதம் வேண்டுமானால் காவல், தீத்தடுப்பு, காட்சிப் பெட்டியின் பூட்டு வரை அரசின் ஆலோசகர்கள் சொல்கிறபடி இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1974இல் சீனாவின் தொல்பொருள் கண்காட்சியை வரவழைக்க அந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று 1975இல் பொதுச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது சீனாவோடும் சோவியத் யூனியனோடும் உறவைச் சீராக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலை போய் வருவதற்கு அரசாங்கங்கள் காட்டும் தாராளத்தில் கலை மீதான அன்பு எப்போதும் முழுக் காரணமாக இருப்பதில்லை. அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

சரி, இந்த உத்தரவாதம் எதற்கெல்லாம் ஈடு கொடுக்காது என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பக்கம். போரினால் வரும் சேதம் கிடையாது (பயங்கரவாதம், கலவரம், விமானக் கடத்தல் இவற்றுக்கு உண்டு). உரிமையாளரின் கவனக்குறைவால் வந்தது கிடையாது. உங்கள் சம்மதத்தோடு செய்த பழுதுபார்ப்பு வேலையால் வந்தது கிடையாது. பொருளுக்கு ஏற்கெனவே இருந்த குறையாலோ அதன் இயல்பாலோ வந்தது கிடையாது. வேறொருவர் வந்து “இது என்னுடையது” என்று உரிமை கொண்டாடினால் அதற்கும் கிடையாது. தனியார் இன்சூரன்ஸ் எடுத்தால் மட்டும் இதெல்லாம் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பொருளின் சொந்தக் குறைக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. ஆகவே தனி இன்சூரன்ஸ்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் மியூசியத்துக்குச் செலவு கூடும், அவ்வளவுதான்.

இந்த விலக்குகளில் இரண்டு, உங்கள் வீட்டைப் பார்த்து எழுதினமாதிரி இருக்கின்றன.

ஒன்று, பொருளின் இயல்பு. தஞ்சாவூர்ப் படத்தின் உடம்பைப் பாருங்கள். பின்னால் மரப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, துணியின் மேல் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசிய பூச்சு, நகையும் கிரீடமும் தூணும் புடைத்து நிற்கும் இடங்களில் அதே விழுதை இன்னும் கனமாக ஏற்றி, மேலே கண்ணாடிக் கற்களும் தங்க ரேக்கும். இந்த அடுக்குகள் எல்லாம் நூறு வருடமாக உங்கள் வளவின் காற்று ஈரத்துக்குப் பழகி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைத் தூக்கிக்கொண்டுபோய் இங்கிலாந்தின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஓர் அறையில் மாட்டினால், அங்கே காற்றில் ஈரம் பாதிகூட இருக்காது. மரம் சுருங்கும். பூச்சு சுருங்காது. போக இடமில்லாமல் அது மேலே எழும்பும். ரேக் அப்பளம் மாதிரி உப்பி, ஒருநாள் உடையும். யாரும் கீழே போடவில்லை, யாரும் தொடவில்லை. ஈடு கேட்டால், “பொருளின் இயல்பு” என்று ஒரு வரியில் பதில் வரும்.

இதற்குக் கடன் ஒப்பந்தத்தில்தான் மருந்து இருக்கிறது. மூடிய காட்சிப் பெட்டிக்குள், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் சிலிக்கா ஜெல் வைத்து, ஒரு குறிப்பிட்ட அளவில் நிலையாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பொதுவாக மியூசியங்கள் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். உங்கள் படத்துக்கு அதன் மேல் எல்லையை ஒட்டிய அளவு வேண்டும், அதைவிட முக்கியமாக ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். சரியான எண்ணை, படத்தை நேரில் பார்த்த கன்சர்வேட்டர்தான் (பழைய கலைப்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் நிபுணர்) சொல்ல வேண்டும். பெட்டி அங்கே போய் இறங்கியதும் குறைந்தது ஒரு நாள் திறக்காமல் அந்த அறையிலேயே வைக்க வேண்டும். அப்புறம் பூச்சி. வெளியிலிருந்து வரும் மரப் பொருளை உறைவிப்பானில் வைத்துப் பூச்சியைக் கொல்வது பல மியூசியங்களில் வழக்கம். மர நாற்காலிக்குச் சரி. சுண்ணப் பூச்சும் ரேக்கும் உள்ள பலகைக்கு ஆகாது. “உறைய வைக்கக் கூடாது, தேவைப்பட்டால் ஆக்ஸிஜனை நீக்கும் முறை மட்டும்” என்று தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். நல்ல மியூசியம் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாது. கேட்ட பிறகுதான் உங்களை மதிக்கும்.

இதற்கெல்லாம் அஸ்திவாரம், படம் கிளம்பும் முன் எழுதும் நிலைமை அறிக்கை. ஆணியிலிருந்து இறக்கும் நேரம் முதல் திரும்பவும் அதே ஆணியில் மாட்டும் வரை உத்தரவாதம் செல்லும் என்பதால், அறிக்கை உங்கள் வீட்டிலேயே எழுதப்பட வேண்டும். சென்னையில் ஏதோ கிடங்கில் எழுதிக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கன்சர்வேட்டர் வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழும்பல்கள் அப்போது நிழல் விழுந்து தெரியும். சீதையின் ஒட்டியாணத்தில் ஒரு கல் இல்லை, இடது மூலையில் இரண்டு அங்குல விரிசல், கீழ்ச் சட்டத்தில் பழைய செல் அரிப்பு என்று ஒவ்வொன்றும் புகைப்படத்தோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்ததும் அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார்கள். இந்தக் காகிதம் பலமாக இருந்தால்தான் “இது முன்பே இருந்த குறை” என்ற வாதத்தை நீங்கள் எதிர்க்க முடியும். ஆகவே இருக்கும் குறைகளை மறைக்காதீர்கள். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைத் துடைப்பதுபோல் யாராவது ஈரத் துணியோடு படத்தின் அருகில் போனால் தடுத்துவிடுங்கள்.

இறக்கும் அன்று வீட்டு ஆட்கள் யாரும் கை வைக்க வேண்டாம். “நாங்கள் வருடா வருடம் நவராத்திரிக்கு இறக்குகிறோமே” என்று யாராவது ஏணியோடு வருவார்கள். அவர் கை தவறினால் அது உரிமையாளரின் கவனக்குறைவு. பேக்கிங் கம்பெனி ஆட்கள் இறக்கட்டும். அவர்களுக்குக் காப்பி கொடுங்கள், போதும். மரப்பெட்டியில் வெப்பப்படுத்திய மரம் என்பதற்கான சர்வதேச முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ பெட்டியை நிறுத்திவைக்கலாம்.

இரண்டாவது விலக்கு, உரிமை. அதாவது உங்கள் ஐந்து பங்கு.

பதில் சொல்லாதவர் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேர் கையெழுத்தில் படம் போய், நான்காமவரோ ஐந்தாமவரோ “என்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள்” என்று வழக்குப் போட்டால், பிரிட்டிஷ் அரசின் உத்தரவாதம் அந்தத் தகராறுக்குள் வராது. படம் ஏதோ ஒரு கிடங்கில், யாருக்குத் திருப்பித் தருவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ஐந்து பேரும் கையெழுத்திட்ட ஒப்புதல் பத்திரம், அவர்களில் ஒருவருக்குக் கடன் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம், இரண்டும் வேண்டும். உங்கள் ஊர் வக்கீலே எழுதித் தருவார்.

லண்டன்காரர் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். வெளிநாட்டிலிருந்து கடனாக வந்த கலைப்பொருளை உள்ளூர் நீதிமன்றம் கைப்பற்றாமல் பாதுகாக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. இது ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வியன்னாவின் லியோபோல்ட் மியூசிய அறக்கட்டளை 1997இல் ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் ஓவியங்களை நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துக்குக் கடன் கொடுத்தது. கண்காட்சி முடிந்து திரும்ப வேண்டிய நேரத்தில், 1998 ஜனவரியில், அதில் இரண்டை அரசு வழக்கறிஞர் நிறுத்திவைத்தார். அவற்றில் ஒன்றான, வாலி என்ற பெண்ணின் உருவப்படம் நாஜிகள் காலத்தில் ஒரு யூதப் பெண்மணியிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது வாரிசுகளின் புகார். 2010இல் லியோபோல்ட் மியூசியம் 1.9 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட பிறகுதான் அந்தப் படம் வீடு திரும்பியது. வாரிசுகள் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனாலும் கடன் கொடுக்கும் ஒவ்வொரு மியூசியமும் அன்று பயந்துபோனது உண்மை. பிரிட்டன் இத்தகைய பாதுகாப்பை 2007இல் சட்டமாக்கியது. 2008 தொடக்கத்தில் லண்டன் ராயல் அகாடமியில் ரஷ்ய மியூசியங்களின் ஓவியங்கள் வர வேண்டியிருந்தது. பாதுகாப்பு இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று மாஸ்கோ நின்றதால், சட்டத்தின் அந்தப் பகுதியை அவசரமாக முன்கூட்டியே அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டப்படி பாதுகாப்புக் கிடைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. பொருள் வழக்கமாகப் பிரிட்டனுக்கு வெளியே இருப்பதாக இருக்க வேண்டும். கண்காட்சி நடத்தும் மியூசியம் இதற்கென அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பொருளைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அதோடு, உரிமையாளர் பிரிட்டனில் வசிப்பவராக இருக்கக் கூடாது. உங்கள் ஐந்து பங்கில் ஒன்று லண்டனில் இருக்கிறதே! அவர் நல்லவராக இருக்கலாம். தொடர்பே அவர் மூலம்தான் வந்தது. ஆனால் அங்கே அவருக்கு ஒரு கடன் தகராறோ விவாகரத்து வழக்கோ வந்தால், அவருடைய சொத்து என்று யாராவது படத்தை நோக்கிக் கை நீட்ட வாய்ப்பு உண்டு. அவர் தன் பங்கை இந்தியாவில் இருக்கும் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கத் தயாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், இந்த நிலையில் பாதுகாப்பு பொருந்துமா, தங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று மியூசியத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சிறிய நகராட்சி மியூசியத்துக்கு அங்கீகாரம் இல்லாமலே இருக்கலாம். உத்தரவாதம் வேறு, இந்தப் பாதுகாப்பு வேறு. ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

இனி நம் பக்கத்துச் சட்டம். நீங்கள் பதிவுச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 1972ஆம் ஆண்டு தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த ஓவியம் தொல்பொருள். மரத்தில் தீட்டிய ஓவியம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய வகையில் வருகிறது. சட்டம் அமலுக்கு வந்தது 1976 ஏப்ரலில். அப்போது உங்கள் மாமனாரோ அவர் தகப்பனாரோ பதிந்திருக்கலாம். பழைய பீரோவில் புகைப்படம் ஒட்டிய சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், உரிமை கைமாறியதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வக்கீல் மூலம் இப்போதே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுக் கடன் என்று ஃபைல் நகர ஆரம்பித்த பிறகு அது தெரியவந்தால் தர்மசங்கடம்.

தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது 3ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரிடம் தற்காலிக ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். மியூசியத்தின் அழைப்புக் கடிதம், ஒப்பந்தம், உத்தரவாதச் சான்றிதழ், புகைப்படங்கள் எல்லாம் அந்த விண்ணப்பத்தோடு போகும். மாதங்கள் ஆகும் வேலை. அடுத்த வருடக் கண்காட்சி என்றால் இப்போதே தொடங்கினால்தான் சரியாக இருக்கும். நடுவில் யாராவது ஏஜென்ட் வந்து, “எதற்கு இவ்வளவு அலைச்சல், புதுக் கைவினைப் பொருள் என்று போட்டு அனுப்பிவிடலாம்” என்பார். சிலைக் கடத்தல்காரர்கள் போன பாதை அது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்திய அரசின் உதவி கேட்டீர்கள். தனியார் வீட்டுப் படம் ஒன்று வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக, டெல்லி பணம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் விஷயத்தில் அதன் வேலை அனுமதி கொடுப்பது. அரசே முன்நின்று அனுப்பும்போது காட்சி வேறு. 1982இல் பிரிட்டனில் நடந்த இந்திய விழாவுக்கு இரண்டு அரசுகளும் சேர்ந்து பொருள்களைக் கொண்டுபோயின. 2022இல் கபிலவஸ்துவின் புத்தர் அஸ்திகள் மங்கோலியாவுக்குப் போனது இன்னொரு உதாரணம். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்ற வகையில் வைத்திருந்த அஸ்திகள் அவை. மங்கோலிய அரசு கேட்டதற்காக விதிவிலக்குக் கொடுத்து, அரசு விருந்தினர் என்ற மரியாதையோடு, விமானப்படையின் சி-17 விமானத்தில் அனுப்பினார்கள். எதிர்த்திசையிலும் நடக்கிறது: 2017இல் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் மும்பைக்கு வந்து, பிறகு டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கும் போயின. உங்கள் ராமருக்கு விமானப்படை வராது. ஆனால் பேக்கிங், விமானக் கட்டணம், கூடவே போகும் கன்சர்வேட்டரின் செலவு என்று எல்லாவற்றையும் கடன் வாங்கும் மியூசியம் ஏற்பதே வழக்கம். உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

மதிப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். உத்தரவாதம் ஒத்துக்கொண்ட தொகைக்குத்தான். “விலைமதிப்பில்லாதது” என்று எழுத முடியாது. ஆசைக்கு ஒரு கோடி என்றால் ஆதாரம் கேட்பார்கள். லண்டன் ஏலத்தில் இதே மாதிரிப் படம் என்ன விலைக்குப் போனது என்று உங்கள் தம்பி கூகுளில் பார்த்துச் சொல்வார். உங்கள் படத்தை லண்டனில் விற்கச் சட்டம் இடம் கொடுக்காது, ஆகவே இந்தியச் சந்தை விலைதான் கணக்கு. தஞ்சாவூர்ப் படங்களை அறிந்த இந்திய மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்தச் செலவையும் மியூசியத்திடம் கேட்கலாம். சேதமானால் பழுதுபார்க்கும் செலவோடு, அதன்பின் குறைந்த மதிப்புக்கும் ஈடு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சாமி படத்தைக் கடல் தாண்டி அனுப்பச் சம்மதிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு எந்தத் திட்டத்திலும் விதி இல்லை. குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், கேட்டவர்களுக்கு இப்போது ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம். நன்றி சொல்லி, மூன்று காகிதங்களை மட்டும் கேட்டு எழுதுங்கள்: கடன் ஒப்பந்தத்தின் மாதிரி, உத்தரவாதத்தின் விதிமுறைகள், கண்காட்சிக் கூடத்தின் வசதி அறிக்கை. மூன்றாவதில் கடந்த ஒரு வருட ஈரப்பதப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். ஈரப்பதப் பதிவைத் தரத் தயங்கினாலோ, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடு கீழே விழுந்திருந்தாலோ, மூடிய பெட்டி இல்லாமல் தர மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பதில் எழுதுவதற்குள் பீரோவில் சான்றிதழைத் தேடி, பதில் சொல்லாத அந்தப் பங்காளிக்கும் ஒரு போன் போட்டுவிடலாம்.